சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனதும் உங்கள் வீட்டில் யாருக்காவது முகம் சுருங்கிப் போகிறதா? வயிறு மந்தம், தலைபாரம், ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறாரா? மருந்து தேடுவதற்கு முன்னால், அவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாடி பார்த்த கையோடு நான் கேட்கிற கேள்வி இது. "ஒன்பது மணிக்கு உள்ளே போனா ஏழு மணிக்குத்தான் டாக்டர் வெளியே வருவேன். சனிக்கிழமையும் உண்டு" என்பார்கள். பத்து மணி நேரம், ஆறு நாள். அறுபது! பஸ்ஸில் தொங்குகிற நேரம் தனி.

இந்த அறுபது என்ன செய்யும் தெரியுமா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். இப்படி நீண்ட நேர வேலையால் 2016-ல் மட்டும் உலகம் முழுக்க 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு.

பக்கவாதம் என்றால் சித்த மருத்துவனுக்குப் பழகிய நோய். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, தைலம் போட்டுத் தொக்கணம் கொடுக்க எங்களிடம்தான் அழைத்து வருவார்கள். முன்பெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள் வருவார்கள். இப்போது என் முன்னால் உட்காருகிறவர்களில் நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் சகஜம். பையன் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பான், வீட்டுக் கடன் பாக்கி இருக்கும். பக்கத்தில் நிற்கிற அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று உடம்பு தானாகக் கேட்கிறவை. இவற்றை அடக்கினால் நோய் வரும். உங்கள் அலுவலகத்தை ஒரு நாள் நினைத்துப் பாருங்கள். 'மீட்டிங் முடியட்டும்' என்று சிறுநீரை அடக்குகிறோம். ஒரு மணிப் பசிக்கு மூன்று மணிக்குச் சோறு. தூக்கத்தை டீ குடித்து விரட்டுகிறோம். மேலதிகாரி திட்டினால் கண்ணீரையும் சேர்த்து விழுங்குகிறோம். (கடையில் நாள் பூரா நிற்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது!)

சரி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருக்கிறதே என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்பது சித்தர் வகுத்த முறை. வழக்கத்தில் ஆண்களுக்கு புதன், சனி. பெண்களுக்கு செவ்வாய், வெள்ளி. ஞாயிறு எண்ணெய்க்கு ஆகாத நாள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆக, இருக்கிற ஒரே லீவு நாளிலும் எண்ணெய் கிடையாது! கிழமைக் கணக்கை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் உடம்பைக் கவனி என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஒற்றை ஞாயிறு ரேஷன், மளிகை, துணி, கல்யாண வீடு, கேஸ் சிலிண்டர் என்று கரைந்துவிடும்.

பெண்களைக் கேட்கவே வேண்டாம். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள்? 97 நிமிடம். வேலைக்கும் போகிற பெண்ணுக்கு ஞாயிறு என்பது இட்லி மாவு அரைக்கிற நாள், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பெரிய தொழிலதிபர் ஒருவர் 2023-ல் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025-ல் இன்னொருவர் 90 என்றார். அந்த வீடுகளில் துணி துவைப்பது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

உழைப்பைக் குறைத்தால் தொழில் படுத்துவிடாதா? ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் ஐந்து நாள், 40 மணி நேர வாரத்தைக் கொண்டுவந்தது 1926-ல். அவர் ஒன்றும் நஷ்டத்துக்குத் தொழில் செய்தவர் இல்லை! ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 ஊழியர்களுக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வாரத்தை 40-லிருந்து 35, 36 மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலை குறையவில்லை. பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் இப்படிச் செய்து பார்த்தன. சோர்வு குறைந்தது, லீவு போடுவது குறைந்தது. 56 நிறுவனங்கள் சோதனை முடிந்தும் அதைத் தொடர்ந்தன. களைத்த மூளை செய்கிற தப்பைத் திருத்தவே பாதி நேரம் போகிறதே, அந்த நேரம் மிச்சம்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியபோது, 'நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு' என்று விளக்கம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. நாலு பன்னிரண்டும் 48, ஆறு எட்டும் 48. இதில் குறைந்தது எது? பன்னிரண்டு மணி நேரம் அடக்கிய பசியையும் தூக்கத்தையும் வெள்ளிக்கிழமை திருப்பிச் சாப்பிட முடியாது, தூங்கவும் முடியாது. நாள் வேலை எட்டு மணி நேரம், நாட்கள் ஐந்து. மொத்தம் 40. நான் கேட்பது இதைத்தான்.

உங்களில் முதலாளிகளும் மேனேஜர்களும் இருப்பீர்கள். எடுத்த எடுப்பில் எல்லாச் சனிக்கிழமையும் முடியாது என்றால், பேங்குகளில் 2015 முதல் இருப்பது போல இரண்டாவது, நான்காவது சனியில் ஆரம்பியுங்கள். மூன்று மாதம் லீவு ரிஜிஸ்தரை மட்டும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

அப்படிக் கிடைக்கிற சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி, உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, வெந்நீரில் குளியுங்கள். அன்று பகல் தூக்கம் வேண்டாம், வெயிலில் அலைய வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வழக்கம்போல் சாப்பிட்டு வாருங்கள், லீவு கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.