கேம்பிரிட்ஜில் ஒரு தமிழ் மாணவர்

நுழையும்முன்

உயர்கல்விக்காகக் கடல்கடந்து செல்லும் மாணவர் நூல்களை மட்டும் கற்பதில்லை. அந்நாட்டார் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை என்று எண்ணும் பலவற்றையும் அவர் கற்க வேண்டியிருக்கிறது. அறையில் உறங்கும் முறை முதல் ஆய்வேட்டில் ஒரு முடிவை மெய்ப்பிக்கும் முறை வரை எல்லாமே அவருக்குப் புதியவை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இங்கிலாந்து சென்ற கணிதமேதை இராமானுஜனின் தொடக்க நாள்கள் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றன.

பயணமும் வரவேற்பும்

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், 'நெவாசா' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்டது. அதில் பயணம் செய்த சீனிவாச இராமானுஜனுக்கு அப்போது வயது 26. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் தேறாமையால் கல்லூரிப் பட்டம் பெறாதவர். சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜ் பேரறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே இப்பயணத்திற்கு வித்திட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது. தமக்குக் கிடைத்த தொகையில் 50 பவுனைக் குடும்பத்தின் வாழ்விற்கென அவர் ஒதுக்கினார்.

ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்த இராமானுஜனை நெவில் என்னும் இளம் கணித அறிஞர் எதிர்கொண்டு வரவேற்றார். சென்னைக்கு விரிவுரையாற்ற வந்தபோது இராமானுஜனைச் சந்தித்து, இங்கிலாந்துக்கு வர இசையச் செய்தவர் அவரே. ஏப்ரல் 18ஆம் நாள் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நெவில் இல்லத்திலேயே தங்கினார். அறிமுகமற்ற ஊரில் அறிந்தவர் ஒருவரின் இல்லம் கிடைத்தது பெரும்பேறு. பின்னர், சூன் மாதத் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் முற்றத்திலுள்ள அறைக்கு அவர் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறைக்கு அண்மையில் இருப்பது ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது.

அன்றாட வாழ்வின் பாடங்கள்

இங்கிலாந்துக்குப் புறப்படும் முன்னரே இராமானுஜன் தம் குடுமியைக் களைந்து, மேலைநாட்டு உடைக்கு மாறியிருந்தார். ஆயினும் உடல் அம்மாற்றத்தை எளிதில் ஏற்கவில்லை. காலணிகள் பாதங்களை இறுக்கி வருத்தின. ஆதலால் அவர் செருப்பு அணிவதையே பெரிதும் விரும்பினார்.

உணவு இதனினும் கடினமான சிக்கலாக இருந்தது. கல்லூரியின் பொதுக்கூடத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது கேம்பிரிட்ஜ் மரபு. அது உண்ணுமிடம் மட்டுமன்று. நட்பு தோன்றும் இடமும் அதுவே. புலால் உண்ணாமையில் உறுதியாக இருந்த இராமானுஜன், சமையலில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என அஞ்சித் தம் அறையிலேயே சமைத்து உண்டார். கொள்கையை அவர் காத்துக்கொண்டார்; எனினும் உணவு மேசையில் இயல்பாக வளரும் உறவுகள் அவருக்கு வாய்க்காமல் போயின.

போர்வை கற்பித்த பாடம்

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பயின்ற மற்றோர் இந்திய மாணவர் பி. சி. மகாலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். கடுங்குளிர் நிலவிய ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்றார். இராமானுஜன் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தார். இரவில் குளிர் வருத்தவில்லையா என்று மகாலனோபிஸ் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்க இயலவில்லை என்றார் இராமானுஜன்.

படுக்கையறைக்குள் சென்று பார்த்த மகாலனோபிஸுக்கு உண்மை விளங்கியது. கட்டிலில் கம்பளிப் போர்வைகள் பல இருந்தன. ஆனால், அவை ஆங்கில வழக்கப்படி மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு ஒன்றால் மூடப்பட்டிருந்தன. போர்வைகளை விலக்கி அவற்றினுள்ளே புகுந்து உறங்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. அவர் போர்வைகளின் மேலேயே படுத்து வந்தார். மகாலனோபிஸ் அம்முறையைச் செய்துகாட்டி விளக்கினார்.

இந்நிகழ்வைக் கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் இதில் இராமானுஜனின் அறிவுக்குறை எதுவும் இல்லை. பாயும் தலையணையும் பழகியவர், இறுகச் செருகப்பட்ட படுக்கையைக் கண்டு வேறென்ன எண்ண இயலும்? கல்லூரியில் எவரும் அவருக்கு இதனை விளக்கவில்லை. விளக்கவேண்டிய செய்தி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஓரிடத்தார் சொல்லவே தேவையில்லை என்று கருதுவது, புதியவருக்கு முதலில் சொல்லவேண்டியதாக இருக்கிறது. 'குளிர்கிறதா?' என்னும் ஒரு வினாவே அவரது துன்பத்தைத் தீர்த்தது.

நிரூபணம் என்னும் புதிய மொழி

கணிதத்திலும் இதனை ஒத்த நிலையே இருந்தது. பள்ளிப்பருவத்தில் இராமானுஜனுக்குக் கிடைத்த முதன்மையான நூல் கார் என்பவர் தொகுத்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிரூபணங்களோ மிகக் குறைவு. தாள் வாங்கப் பொருள் போதாமையால் அவர் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். எனவே, முடிவைக் கண்டறிவதே கணிதம் என்னும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது.

கேம்பிரிட்ஜிலோ, முடிவு எவ்வளவு அழகாயினும் நிரூபணம் இன்றி அது ஏற்கப்படாது. பகா எண்களின் பரவலைப் பற்றி இராமானுஜன் அனுப்பியிருந்த முடிவுகளுள் சில தவறானவை என்பதை ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் கண்டனர். கணக்கிட்டுப் பார்த்த எண்கள் அனைத்திற்கும் பொருந்தும் ஒரு விதி, மிகப்பெரிய எண்களில் பொய்த்துப்போகக்கூடும். பகா எண்களின் எண்ணிக்கை குறித்து அவ்வாறு நம்பப்பட்ட ஒரு கருத்து முடிவின்றித் தொடர்ந்து உண்மையாக இராது என்பதை 1914ஆம் ஆண்டிலேயே லிட்டில்வுட் நிறுவினார். நிரூபணம் வெறும் சடங்கன்று. உள்ளுணர்வு வழிதவறும் இடத்தைக் காட்டும் விளக்கு.

தெரிந்து தெளிவோம்

n² + n + 41 என்னும் கோவையில் n = 0 முதல் 39 வரை எந்த முழு எண்ணை இட்டாலும் பகா எண்ணே கிடைக்கும். ஆனால் n = 40 எனில் 1681 கிடைக்கும். அது 41 × 41 என்பதால் பகா எண் அன்று. நாற்பது சான்றுகள் சேர்ந்தும் ஒரு நிரூபணம் ஆகவில்லை!

ஆசிரியர்கள் கற்ற பாடம்

இந்நிலையில் ஹார்டியின் முன் அரியதொரு சிக்கல் எழுந்தது. முறையான பாடத்திட்டத்திற்கு உட்படுத்தினால் இராமானுஜனின் தன்னம்பிக்கை குலையலாம். ஊற்றெனப் பெருகும் அவரது படைப்பாற்றல் வறண்டு போகலாம். எதுவும் கற்பிக்காமல் விட்டால், அவரது உழைப்பின் ஒரு பகுதி தவறான வழியில் வீணாகலாம். ஹார்டி இடைவழி ஒன்றைத் தேர்ந்தார். இன்றியமையாதவற்றை மட்டும் உரையாடலின் ஊடே கற்பித்தார். இராமானுஜன் தம்மிடம் கற்றதைவிடத் தாம் அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் அவர் மனமுவந்து கூறினார்.

தொடக்க காலத்தில் இராமானுஜன் சில விரிவுரைகளையும் கேட்டார். ஒருநாள் ஆர்தர் பெர்ரி என்னும் ஆசிரியர் கரும்பலகையில் நீள்வட்டத் தொகையீடுகள் பற்றிய வாய்பாடுகளை விளக்கிக் கொண்டிருந்தார். இராமானுஜனின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்வதைக் கண்ட அவர், ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளைப் பலகையில் எழுதினார். பட்டம் பெறாத அயல்நாட்டு மாணவரின் அமைதியை அறியாமை எனக் கொள்ளாமல், அவர் முகத்தைப் படித்து வினவிய அவ்வாசிரியரின் பண்பு போற்றத்தக்கது.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 1915ஆம் ஆண்டு, மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்கள் பற்றிய அவரது விரிவான ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அதன் அடிப்படையில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918ஆம் ஆண்டு இராயல் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கேட்காமல் விட்டவை

எனினும், தொடக்க வாரங்களில் கிடைத்த அரவணைப்பு நீடிக்கவில்லை. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. தனிமையும் குளிரும் ஒழுங்கற்ற உணவும் இராமானுஜனைச் சூழ்ந்தன. 1917இல் அவர் கடும் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

இராமானுஜனை ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்தும், அவர் எந்நூல்களைப் பயின்றார், தம் முடிவுகளை எவ்வாறு கண்டடைந்தார் என்று தாம் கேட்டறியவில்லை என ஹார்டி பிற்காலத்தில் வருந்தினார். நாள்தோறும் புதிய தேற்றங்களைக் கொண்டுவரும் ஒருவரிடம் பழையதைப் பற்றி வினவ அவருக்கு மனம் வரவில்லை. கேட்டிருந்தால் இராமானுஜன் மகிழ்ந்து விடையளித்திருப்பார். இன்று அவ்விடைகளைத் தருவார் எவருமிலர்.

இன்றும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு உலகெங்குமிருந்து மாணவர்கள் செல்கின்றனர். புதியவர்களுக்கான அறிமுக வாரம், தனி வழிகாட்டி ஆசிரியர், ஆலோசனை மையம் எனப் பல ஏற்பாடுகள் இப்போது உள்ளன. ஆயினும் சிறுகுழு வகுப்பில் ஆசிரியரின் கருத்தை மறுத்துரைக்கலாம் என்பதும், பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சுட்டாதது குற்றம் என்பதும் புதியவருக்கு உடனே புலப்படுவதில்லை. சிற்றூரிலிருந்து மாநகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் நிலையும் இதுவே. அறியாததைக் கேட்பது இழிவன்று. புதியவரிடம் நலம் வினவுவது சிறு செயலுமன்று. கற்கவந்தவர் தயங்காமல் கேட்க வேண்டும். முன்னரே இருப்பவர் தாமாக முன்வந்து வினவ வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதுதான் கல்விக்கூடம் புதியவருக்கும் சொந்த இடமாகிறது.

கற்பவை கற்றபின்...

1. புதிதாக உங்கள் பள்ளியில் சேரும் மாணவருக்கு எவரும் சொல்லாமலே விட்டுவிடும் செய்திகள் எவை? வகுப்பில் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

2. 'இராமானுஜனுக்கு ஹார்டி எந்த அளவு கற்பித்திருக்க வேண்டும்?' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

3. கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த முதல் மாதத்தில் இராமானுஜன் தம் நண்பருக்கு எழுதுவதுபோல் ஒரு கடிதம் வரைக.