கட்டியை எடுக்கும் முன்னே... அது என்ன கட்டி?

காலை நேரம். செம்பட்டியில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக ஓர் அம்மாவும் 22 வயது மகளும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மஞ்சள் பையில் ஸ்கேன் ரிப்போர்ட். 'இடது சினைப்பையில் 8 செ.மீ. கட்டி' என்கிறது அது.

"கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம் டாக்டரம்மா... ஆபரேஷன் பண்ணுனா நாளைக்குப் புள்ள பொறக்குமா? ஒருவேளை புத்துநோயா இருந்துட்டா?"

இரண்டுமே நியாயமான பயம்தான். சாதாரணக் கட்டி என்றால் பெரும்பாலும் அதை மட்டும் உரித்தெடுத்து, சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம். புற்றுநோய் என்றால் கட்டி உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். அதுவும் புற்றுநோய் அறுவை நிபுணர் கையால்! ஆக, கத்தி வைப்பதற்கு முன்பே 'எந்தக் கட்டி' என்று தெரிந்தாக வேண்டும்.

"ஊசி குத்திப் பார்த்துட்டா?" என்பீர்கள். கூடாது! சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோய் என்றால், ஊசி போட்ட ஓட்டை வழியாகவே செல்கள் வயிற்றுக்குள் சிந்தலாம்.

ரத்தத்தில் சி.ஏ. 125 பார்க்கிறார்களே? உதவும், ஆனால் அது மட்டும் போதாது. மாதவிலக்கு சமயத்திலும், எண்டோமெட்ரியோசிஸிலும், வயிற்று டி.பி.யிலும்கூட அது ஏறும். எண்ணைப் பார்த்ததுமே இடிந்து போகாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. எப்போது?

முதலில் அல்ட்ராசவுண்ட்தான். பலருக்கு அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். இளம்பெண்களின் வெறும் நீர்க்கட்டிகள் பல, இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் தீர்மானமாகச் சொல்ல முடியாத கட்டிக்குத்தான் எம்.ஆர்.ஐ.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வேலை செய்வது காந்தம். கொழுப்பு, பழைய ரத்தம், நார்த் தசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். கட்டி வெள்ளையாகத் தெரிகிறதா? கொழுப்பை மறைக்கும் முறையில் இன்னொரு படம் எடுப்பார்கள். வெள்ளை கறுத்துவிட்டால் உள்ளே கொழுப்பு. பெரும்பாலும் அது 'டெர்மாய்டு' என்ற சாதாரணக் கட்டி. கறுக்கவில்லை என்றால் ரத்தம் தேங்கிய 'சாக்லேட் சிஸ்ட்' ஆக இருக்கலாம்.

கட்டிக்குள் சதை வளர்ந்திருந்தால்தான் உஷார்! நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். கர்ப்பப்பைச் சுவரைவிட வேகமாக அந்தச் சதை மருந்தை உறிஞ்சினால் சந்தேகம் பலமாகிறது.

இதையெல்லாம் சேர்த்து 1 முதல் 5 வரை மார்க் போடும் முறைக்கு 'ஓ-ராட்ஸ்' என்று பெயர். 2020-ல் ஐரோப்பாவின் 15 மையங்களில், 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில் இந்த மார்க் முறை நன்றாகவே கைகொடுத்தது. 2 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 0.5 சதவிகிதத்துக்கும் கீழே. 3 என்றால் சுமார் 5 சதவிகிதம். 4 என்றால் பாதிக்குப் பாதி. 5 என்றால் சுமார் 90 சதவிகிதம். ஆனாலும் கடைசித் தீர்ப்பு, எடுத்த கட்டியைப் பரிசோதிக்கும் லேபில்தான்.

ஸ்கேனுக்குப் போகும்போது...

* பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* தாலி, வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும்.

* அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். 'டமடம'வென்று சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள்!

* செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். செம்பட்டிக்காரர்கள் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, கூடவே வாந்தி வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

சரி, அந்த அம்மாவுக்கு என்ன பதில்? டெர்மாய்டு என்று தெரிந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு தைரியமாகக் கல்யாணம் பேசலாம். ஆரம்ப நிலைப் புற்றுநோயாகவே இருந்தாலும், சில வகைகளில் கர்ப்பப்பையையும் மறுபக்கச் சினைப்பையையும் விட்டுவைக்க முடியும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எந்த வகைக் கட்டின்னு தெரிஞ்சிடுச்சா டாக்டர்?"