கோடும் கட்டளையும்

பீகார் மாநிலத்தின் வடபகுதி மிதிலை எனப்படும். சீதை பிறந்த நாடு என்று அப்பகுதி மக்கள் போற்றும் மண் அது. அங்குத் திருமணம் நிகழும் வீட்டில் மணமக்களுக்கென ஒதுக்கப்படும் அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். அவ்வறையின் சுவரில் வீட்டுப் பெண்கள் ஓர் ஓவியம் வரைவர். நடுவே நிமிர்ந்து நிற்கும் தாமரைத் தண்டு; அதைச் சூழ்ந்து வட்ட வட்டமாகத் தாமரை இலைகள்; அருகே மூங்கில், மீன், ஆமை, கிளி; மேலே கதிரவனும் திங்களும். அறையின் மூலைகளில் நைனா ஜோகின் என்னும் பெண்ணுருவம், ஒரு கண் மட்டும் தெரியும்படி வரையப்படும். மணமக்கள்மீது கண்ணேறு படாமல் காப்பவள் அவள்.

இன்று ஒரு கைப்பேசியை எடுத்து, 'மதுபனி பாணியில் ஒரு திருமண ஓவியம்' என்று எழுதினால் போதும். சில நொடிகளில் படம் வந்துவிடும். தாமரை இருக்கும், மீன் இருக்கும், விளிம்பில் பின்னல் வேலைப்பாடும் இருக்கும். நிறம் கண்ணைப் பறிக்கும். சற்றுத் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு இது கையால் வரைந்ததா, செயற்கை நுண்ணறிவு தந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. எனவே, கையால் வரைந்தவை எல்லாம் அழகு, கருவி தந்தவை எல்லாம் அழகற்றவை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அப்படிச் சொல்வது உண்மையும் ஆகாது.

கருவி எவ்வாறு வரைகிறது? அதற்கு முதலில் கோடிக்கணக்கான படங்கள் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு படத்துடனும் அதை விளக்கும் சொற்களும் இணைந்திருக்கும். 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட 'லாயன்' என்னும் தொகுப்பில் மட்டும் இத்தகைய இணைகள் ஏறத்தாழ 585 கோடி இருந்தன. பயிற்சியின்போது, நல்ல படம் ஒன்றின்மேல் புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவி அதனைச் சிதைப்பர். நிகழ்ச்சி வராத பழைய தொலைக்காட்சித் திரையில் புள்ளிகள் கொதிப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பர். படம் அந்த நிலைக்கு வந்துவிடும். சிதைந்ததிலிருந்து புள்ளிகளை நீக்கிப் படத்தை மீட்கக் கருவி பழகுகிறது. பழகி முடித்தபின், வெறும் புள்ளிக் கூட்டத்தைக் கொடுத்து 'தாமரை' என்றால், இதுவரை கண்ட தாமரைப் படங்களின் போக்கை ஒட்டிப் புள்ளிகளைப் படிப்படியாக நீக்கி, ஒரு தாமரையை வெளிக்கொணர்கிறது. கணிதத்தின் பெரும் வெற்றி இது என்பதில் ஐயமில்லை.

மிதிலைப் பெண்களின் வேலை வேறு வகையானது. மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, அவுரியிலிருந்து நீலம், அரிசி மாவிலிருந்து வெண்மை என்று நிறங்களை வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் அவர்கள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை ஆயிற்று. கோட்டுக்குள் நிறத்தை நிரப்பும் முறை பர்னி. நுண்ணிய கோடுகளாலேயே உருவத்தை நிறைக்கும் முறை கச்னி. பண்டிகை நாள்களில் அரிசியை அரைத்த மாவினால் தரையில் 'அரிபன்' இடுவதும் உண்டு. நம் வீடுகளின் மாக்கோலத்திற்கு அது மிக நெருங்கிய உறவு. விழா முடிந்ததும் கால்பட்டு அழியும் என்று தெரிந்தே இரண்டும் இடப்படுகின்றன.

இந்த ஓவியங்கள் நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 1934ஆம் ஆண்டு சனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. வீடுகளைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, இடிந்த சுவர்களின் உட்புறத்தில் இவற்றைக் கண்டு வியந்தார். பின்னர் 1960களின் இடையில் கடும் வறட்சி வந்தது. வயலில் வேலை இல்லை. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைவதைத் தாளில் வரையுமாறு அவர் பெண்களை ஊக்குவித்தார். தாள் விலைக்குப் போயிற்று, அடுப்பு எரிந்தது. சகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி எனப் பலர் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இங்கே ஒரு கூர்மையான மாணவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: 'மிதிலைப் பெண்களும் பாட்டி வரைந்ததைப் பார்த்துத்தானே வரைகிறார்கள்? தாமரையையும் மீனையும் புதிதாகக் கண்டுபிடித்தவர் யார்? கருவியும் பார்த்துத்தான் வரைகிறது. பிறகு என்ன வேறுபாடு?'

வலுவான கேள்வி. இதற்கு விடையாக ஒருவரின் வாழ்க்கையைக் காணலாம். ராந்தி என்னும் ஊரைச் சேர்ந்தவர் துலாரி தேவி. மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக் கல்வி வாய்க்காதவர். மகாசுந்தரி தேவியின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். வீட்டைப் பெருக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அங்கு வரையப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகாசுந்தரி தேவியும் கர்ப்பூரி தேவியும் அவருக்குக் கற்றுக்கொடுத்தனர். அதுவரை சரி, பார்த்துக் கற்றலே. ஆனால், தூரிகை கைவந்ததும் அவர் வரைந்தவற்றுள் தம் மக்களின் வாழ்வும் இடம்பெற்றது: குளம், வலை, மீன் பிடிப்போர், உழைக்கும் பெண்கள். அவருடைய வாழ்க்கைக் கதையை அவரது ஓவியங்களுடன் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் நூலாக வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு அவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

துலாரி தேவியின் மீனைக் காட்டி 'இது ஏன் இங்கே?' என்று கேட்டால், அவரிடம் விடை உண்டு. கருவி எண்ணற்ற மீன் படங்களைக் கண்டிருக்கிறது. ஒரு குளத்தங்கரையிலும் நின்றதில்லை. அதன் படத்திலுள்ள மீன் அவ்விடத்தில் இருப்பதற்குக் காரணம், மற்றப் படங்களில் மீன் அப்படி இருந்தது என்பதே. நைனா ஜோகினை அது வரைந்தாலும் வரையலாம். விட்டுவிட்டு மூலையில் ஒரு பூவை வைத்தாலும் வைக்கலாம். கண்ணேறு பற்றிய அச்சம் அதற்கு இல்லை. மகளை மணமுடித்துக் கொடுக்கும் தாயின் கலக்கமும் இல்லை.

இன்னும் தெளிவாக இதைக் காட்டுவது கங்கா தேவியின் வாழ்வு. கச்னிக் கோடுகளில் தேர்ந்த அவருக்குப் புற்றுநோய் கண்டது. தில்லியில் மருத்துவம் பெற்றார். மிதிலை மரபில் மருத்துவமனைக் கட்டில் இல்லை. மருத்துவக் கருவிகள் இல்லை. கோஹ்பர் சுவரில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆயினும் தாம் பட்டதை, அதே கோடுகளைக் கொண்டே ஓவியத் தொடராக அவர் வரைந்தார். பாட்டி கொடுத்த மொழியில் பாட்டி அறியாத துன்பத்தைச் சொன்னார். தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் தீட்டிய கோஹ்பர் அறை பிற்காலத்தில் சீரமைப்புப் பணியின்போது அழிந்தது. கங்கா தேவி 1991ஆம் ஆண்டு மறைந்தார். அச்சுவரைத் திரும்பத் தீட்ட ஆளில்லை. அவர் பாணியில் ஆயிரம் படங்களைக் கருவி தரும். அந்தச் சுவரைத் தராது.

எனினும், கருவியைப் பயன்படுத்துவோர் எல்லாரும் உழைப்பின்றிப் பெயர் தேடுகின்றனர் என்று எண்ணுவதும் பிழை. 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், எண்ணிமக் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்ற படம், ஜேசன் ஆலன் என்பவர் 'மிட்ஜர்னி' என்னும் கருவியைக் கொண்டு உருவாக்கியது. கட்டளைகளைக் குறைந்தது 624 முறை திருத்தி எழுதியதாக அவர் கூறினார். ஆயினும், கருவி உருவாக்கிய பகுதிக்கு மனிதர் ஆசிரியர் ஆகார் என்று கூறி, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் பதிவை மறுத்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கணினியால் உருவாகும் படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. அந்தக் காரணமானவர் கட்டளை எழுதியவரா, கருவியைச் செய்தவரா என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை தரும் கேள்வி. கை வழங்காதவர் தம் மனத்திலுள்ள காட்சியைப் பிறருக்குக் காட்டவும், அறிவியல் பாடத்திற்கு விரைவாக ஒரு படம் ஆக்கவும் கருவி உதவுமெனில் அதனை மறுக்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் முளைக்கிறது. கருவி கற்றுக்கொண்ட படங்களை வரைந்தவர்களிடம் இசைவு கேட்கப்படவில்லை என்று கூறி, 2023ஆம் ஆண்டு மூன்று ஓவியர்கள் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். மதுபனியில் இது பழைய வலியின் புதிய வடிவம். 2007ஆம் ஆண்டிலேயே மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும், ஆலையில் அச்சிட்ட 'மதுபனிச் சேலை' குறைந்த விலைக்குக் கடைகளில் தொங்குகிறது. ஒரு சேலை முழுதும் கையால் தீட்டப் பல நாள்கள் ஆகும். அச்சு இயந்திரத்துக்குச் சில நிமிடங்கள் போதும். இப்போது அச்சுக்கு வேண்டிய மாதிரியைக்கூட வரைபவரிடம் கேட்க வேண்டியதில்லை. வறட்சிக் காலத்தில் அடுப்பை எரித்த கோடு அது. வாங்குபவர் விலைச்சீட்டை மட்டும் பார்ப்பாரா, 'இதைத் தீட்டியவர் யார்?' என்றும் கேட்பாரா என்பதில்தான் அடுத்த தலைமுறைப் பெண் தூரிகையை எடுப்பதும் எடுக்காததும் உள்ளது.

பயிற்சி

1. கோஹ்பர் ஓவியத்தில் நைனா ஜோகின் எங்கு, ஏன் வரையப்படுகிறாள்?

2. 'பாட்டி கொடுத்த மொழியில் பாட்டி அறியாத துன்பத்தைச் சொன்னார்' என்னும் தொடரைக் கங்கா தேவியின் வாழ்வைக் கொண்டு விளக்குக.

3. பாடத்தில் மாணவர் எழுப்பும் கேள்விக்குத் தரப்படும் விடையை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏற்காவிடில், உங்கள் மறுப்பைப் பத்து வரிகளில் எழுதுக.

4. பிரித்து எழுதுக: அவ்வறை, கண்ணேறு, கைவினை, இவ்வோவியம்.

5. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கோலமோ வேறு தரை ஓவியமோ இடுபவரிடம், அதிலுள்ள ஓர் உருவத்தைக் காட்டி, 'இது ஏன் இங்கே?' என்று கேட்டு, அவர் கூறும் விடையை அவர் சொற்களிலேயே எழுதி வருக. அந்த உருவத்தை அருகில் கையால் வரைக.