மாணவர் கோப்புகளுக்கு ஒரு நிலையான ‘ஹோம்’

வன்தட்டு பழுதாகி ஓரமாக வைக்கப்பட்ட கணினிகள் பல பள்ளிகளில் உண்டு. திரையும் விசைப்பலகையும் நினைவகமும் நன்றாகவே இருக்கும். எங்கள் பள்ளியில் அத்தகைய நான்கு கணினிகளை டெபியன் லைவ் லினக்ஸ் எழுதிய பென்டிரைவ்களிலிருந்து இயக்கி, ஒன்பதாம் வகுப்புக்குப் பயன்படுத்துகிறோம். லிப்ரே ஆபிஸ், உலாவி எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. குறை ஒன்றுதான்: கணினியை அணைத்தால் மாணவர் செய்த வேலையும் போய்விடும். ஊர் ஏரிக்கு வரும் பறவைகளை இரண்டு பாடவேளை உட்கார்ந்து பட்டியலிட்ட மாணவி, “நாளைக்கும் இது இருக்குமா சார்?” என்று கேட்கிறாள். வீட்டில் கணினி இல்லாதவளுக்கு வாரம் முழுவதும் கிடைப்பதே அந்த இரண்டு பாடவேளைதான்.

ஏன் அழிகிறது என்று விளக்க ஒரு நிலவரைபடமும் ஒளிபுகும் தாளும் போதும். வரைபடத்தின்மேல் தாளை விரித்து ஆறுகளை வரையச் சொல்வேன். வரைபடம் என்பது பென்டிரைவில் சுருக்கி வைக்கப்பட்ட இயங்குதளம். அதில் எழுத முடியாது. தாள் என்பது ரேம். மாற்றங்கள் எல்லாம் தாளில்தான் விழுகின்றன. மின்சாரம் நின்றதும் தாள் போய்விடுகிறது, வரைபடம் அப்படியே இருக்கிறது.

மாற்றங்கள் முழுவதையும் சேமிக்கவும் வழி உண்டு. வகுப்பறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மாணவர் அமைப்பை மாற்றிக் குழப்பினால் அந்தக் குழப்பமும் சேர்ந்தே நிலைத்துவிடும். ‘ஹோம்’ கோப்புறையை மட்டும் நிலையாக்கினால் மாணவர் கோப்புகள், உலாவியின் புத்தகக்குறிகள், மேசைத்திரைப் படம் ஆகியவை தங்கும். இயங்குதளம் ஒவ்வொரு நாளும் புதிதாகவே எழும். புதிதாக நிறுவிய மென்பொருளும் வைஃபை கடவுச்சொல்லும் மட்டும் தங்கா. அவை ஹோமுக்கு வெளியே இருப்பவை.

இதற்குக் காலியான இரண்டாவது பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லைவ் லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து, அந்தப் பென்டிரைவின் பகிர்வை ‘எக்ஸ்ட்4’ வகையில் ஃபார்மேட் செய்யுங்கள். கடைகளில் வரும் ஃபேட்32 வகைக்குக் கோப்பின் உரிமையாளர் யார் என்று குறித்து வைக்கத் தெரியாது. அதனால் அது இங்கே உதவாது. பகிர்வின் பெயர் ‘பெர்சிஸ்டென்ஸ்’ என்றே இருக்க வேண்டும், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்: பி, இ, ஆர், எஸ், ஐ, எஸ், டி, இ, என், சி, இ. கடைசி ‘இ-என்-சி-இ’யில் முதல் ‘இ’க்குப் பதில் ‘ஏ’ போடாத பிள்ளை குறைவு. கரும்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்து, அந்தப் பகிர்வின் முதல் நிலையிலேயே அதே பெயரில், புள்ளி வைத்து ‘கான்ஃப்’ (சி, ஓ, என், எஃப்) என்று முடியும் உரைக்கோப்பு ஒன்று வேண்டும். முனையத்தில் ‘சுடோ’ சேர்த்து, நானோ போன்ற திருத்தியில் உருவாக்குங்கள். கோப்பு நிர்வாகிக்கு உரியதாக இருக்க வேண்டும். உள்ளே ஒரே வரி: சாய்கோடு, அதையொட்டி ‘ஹோம்’ என்ற ஆங்கிலச் சொல்.

இரண்டு பென்டிரைவ்களையும் செருகிக் கணினியைத் தொடங்குங்கள். தொடக்கப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தினால் சில வரிகள் தெரியும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, மேற்சொன்ன அதே சொல்லைத் தட்டச்சு செய்து எஃப்10 அழுத்த வேண்டும். சில பழைய கணினிகளில் ‘இ’க்குப் பதில் டேப் விசை, முடிவில் என்டர். தொடக்கப் பட்டியலைத் திருத்திச் சேமிக்க முடியாததால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். கொஞ்சம் சலிப்புதான், ஆனால் இரண்டே வாரத்தில் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

பிரித்து வைப்பதில் இன்னொரு வசதி. இயங்குதளப் பென்டிரைவ் கணினியோடு இருக்கும். ஹோம் பென்டிரைவ் குழுவுக்கு ஒன்று. எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவர்கள் கோப்பு அவர்களோடு வரும். ஒரு கணினியில் ஒரு நேரத்தில் ஒரு ஹோம் மட்டும் செருகப்பட்டிருக்கட்டும்.

விண்டோஸ் கணினியில் இந்தப் பென்டிரைவைச் செருகினால் “ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று கேட்கும். எக்ஸ்ட்4 அதற்குப் புரியாது, அவ்வளவுதான். ‘ஆம்’ என்றால் எல்லாம் போய்விடும். ‘ரத்து’ என்பதையே அழுத்த வேண்டும் என்று மாணவர்களிடமும் பிற ஆசிரியர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். முறையாக அணைத்த பிறகே பென்டிரைவைப் பிடுங்க வேண்டும். இதில் கடவுச்சொல் பூட்டு இல்லை. யார் கையில் கிடைத்தாலும் திறந்து படிக்கலாம். எனவே மதிப்பெண் பட்டியல், பெற்றோர் தொலைபேசி எண்கள் போன்றவற்றை இதில் வைப்பதில்லை. பென்டிரைவ் திடீரென்று பழுதாகக்கூடியது என்பதால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லாக் குழுக்களின் கோப்புகளையும் வேறொரு கணினியில் நகலெடுத்து வைக்கிறோம்.