பார்டர்லைன் என்று டாக்டர் சொன்ன பிறகு

பள்ளி, கல்லூரி வயதில் இருக்கும் பிள்ளைக்கு ‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று மனநல மருத்துவர் சொன்னதும் உறவுக்காரர் யாராவது கேட்பார்: “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாகிடாதா?” ஆகாது. இன்னொரு குடும்பமும் சேர்ந்து தவிக்கும், அவ்வளவுதான்.

செய்யக்கூடாதவை

• “நடிக்கிறா”, “மிரட்டிப் பார்க்கிறான்” என்று சொல்லாதீர்கள். இக்கோளாறில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சாகணும்னு பத்தாவது முறை சொன்னாலும் முதல் முறை சொன்னதுபோலவே கேளுங்கள்.

• சண்டையில் நோயின் பெயரை இழுக்காதீர்கள்.

• மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. தருவதெல்லாம் பெரும்பாலும் கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்கு. அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள்.

• சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் “உள்ளே மேடம்கிட்ட என்ன சொன்னே?” என்று துருவாதீர்கள்.

செய்ய வேண்டியவை

• எதை வைத்து இந்த முடிவு என்று டாக்டரிடம் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் அறிகுறிகள் 1 வருடமாவது தொடர்ந்திருக்க வேண்டும் என்கிறது மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு. ஒரு காதல் முறிவையோ ப்ளஸ் டூ ரிசல்ட்டையோ வைத்து முத்திரை குத்த முடியாது.

• டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை அருகில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னவர். உணர்ச்சி கொதிக்கும்போது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் அதைத் தாண்டுவது எப்படி என்று அதில் பழக்குகிறார்கள். வளரிளம் பருவத்தினருக்கான வகுப்பில் பெற்றோரும் உட்கார வேண்டும். அப்பாக்கள் நழுவப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

• முதலில் “உன்னால தாங்க முடியலைன்னு தெரியுதும்மா”, அப்புறம்தான் புத்திமதி. “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது.

• “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பெரியவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

• ஏதாவது நடந்துவிட்டால் தயங்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

• நன்றாக இருக்கும் மாதங்களிலும் ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் அடங்கியிருக்கின்றன. படிப்பும் வேலையும் நிலைகொள்ளத்தான் கூடுதல் காலம் பிடிக்கிறது. அரியர் கணக்கை அதற்குள் எடுக்க வேண்டாம்.