முதிய நாயின் திடீர் மாற்றம்: வயதா, வியாதியா?

தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் காவலுக்கு நாய் வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் மாட்டுக்குக் கிடைக்கும் கவனிப்பு நாய்க்குக் கிடைப்பதில்லை. பசு ஒரு வேளை தீவனம் தின்னாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். நாய் இரண்டு நாள் மூலையில் முடங்கிக் கிடந்தாலோ, 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். பத்து ஆண்டுகள் சாதுவாக இருந்த நாய் ஒரு நாள் உறுமினால், 'குணம் கெட்டுவிட்டது' என்கிறோம். இவ்விரண்டு முடிவுகளும் பெரும்பாலும் தவறானவை.

முதுமை மெல்ல வருவது. நடை தளர்வதும், தூக்கம் கூடுவதும், முகவாய் நரைப்பதும் மாதக்கணக்கில் நடைபெறும். ஒரே நாளிலோ ஒரு வாரத்திலோ தோன்றும் மாற்றத்தை, மருத்துவர் வேறு காரணம் சொல்லும் வரை, நோயின் அறிகுறி என்றே கொள்ள வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் வயல்கள் வீட்டு மனைகளாக மாறிய பின்னரும் கறவை மாடு வைத்திருப்போர் இருக்கின்றனர். கோவிலம்பாக்கத்தில் நான்கு பசுக்கள் வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் இவ்வாறு கேட்டார்: "எங்கள் நாய்க்குப் பதினோரு வயது. இதுவரை யாரையும் கடித்ததில்லை. சென்ற வாரம் என் பேரன் அதன் இடுப்பில் கை வைத்ததும் கவ்விவிட்டது. பல் பட்டு இரத்தம் வந்தது. இரவில் ஊளையிடவும் செய்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

கூடாது. அதற்கான காரணங்களையும், செய்ய வேண்டியவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கடிபட்டவர்

சொந்த நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். நாளாகிவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது. சென்ற வாரம் கடிபட்ட சிறுவனை இன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

வயிற்றில் 14 ஊசி போடுவார்கள் என்ற அச்சம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதைய ஊசியைக் கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் செலுத்தும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களும் போட வேண்டும். இரத்தம் வந்த காயமானால், இதனுடன் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் செலுத்துவார்கள்.

கடித்த நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. 10 நாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், பெரும்பாலும் இந்த நாட்களுக்குள் நோய் முற்றி நாய் இறந்துவிடும். 10 நாள் கழிந்தும் நலமாக இருந்தால், அந்தக் கடியால் வெறிநோய் வராது என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும். நாயைத் தொலைவில் விட்டுவிட்டால் இதை அறியும் வழியே போய்விடும். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது. ஊசியை உடனே தொடங்க வேண்டும்.

வெறிநோய் கண்ட நாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதில்லை. 'ஊமை வெறி' என்ற வகையில் நாய் இருட்டில் ஒதுங்கிக் கிடக்கும். குரல் மாறும். தாடை தொங்கி எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும். அதை எடுக்கிறேன் என்று வாய்க்குள் கை விடுவது உயிருக்கே ஆபத்து. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறி. நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வெறிநோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வலியே பெரிய காரணம்

வெறிநோய் இல்லை என்றானபின் முதலில் தேட வேண்டியது வலி. தொட்டவுடன் கடித்தால், தொட்ட இடம் எது என்று பாருங்கள். இடுப்பில் தொட்டபோது கவ்விய நாய்க்கு இடுப்பு மூட்டிலோ முதுகெலும்பிலோ வலி இருக்கலாம். காலையில் எழத் தடுமாறுதல், படி ஏறத் தயங்குதல், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருத்தல், பின்னங்கால் சதை மெலிதல் ஆகியவை மூட்டு வாதத்தின் அடையாளங்கள். இரவு ஊளைக்கும் இந்த வலியே காரணமாகலாம்.

உணவுத் தட்டின் அருகில் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, வாய் நாற்றம் வீசினாலோ பல்லையும் ஈறையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தலையை அடிக்கடி உதறினால் காதில் சீழ் இருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் காதிலும் வாலடியிலும் முடிக்குள் மறைந்து புழுப்புண் உண்டாவது சாதாரணம். அதில் பெட்ரோல், பினாயில், பூச்சிக்கொல்லி ஊற்றுவது கொடுமை மட்டுமன்று, நஞ்சும் ஆகும்.

வீட்டிலுள்ள வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூபன், டைகுளோபினாக் ஆகியவை குடற்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். நாய்க்கென உள்ள வலி மருந்துகளைக் கால்நடை மருத்துவர் தருவார்.

கண்ணும் காதும்

தூங்கும்போது தொட்டால் பாய்கிற நாய் செவிடாகியிருக்கலாம். பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அந்தி நேரத்தில் சுவரில் மோதினால் கண் பார்வை குறைந்திருக்கலாம். இத்தகைய நாயை முன்பக்கமாக அணுக வேண்டும். தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து விழித்துக்கொள்ளும்.

சுற்றுப்புறத்தையும் கருத வேண்டும். கோவிலம்பாக்கம் வழியாக மேடவாக்கம் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்தபோது உண்டானது போன்ற இரைச்சலும் அதிர்வும் முதிய நாயை நிலைகுலையச் செய்யும். தீபாவளி வெடியும் அப்படியே.

உள் உறுப்பு நோய்கள்

கொட்டகையில் சிறுநீர் கழிக்காத நாய் திடீரெனக் கழித்தால் அடிக்காதீர்கள். குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிக்கு மேல், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை, பருவத்திற்கு வந்த ஓரிரு மாதங்களில் சோர்ந்து, அதிகம் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இதற்குத் தாமதமின்றி அறுவைச் சிகிச்சை தேவை.

உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, சில சமயம் மூக்கில் இரத்தம் வடியக் காணப்படும். மழைக்குப் பின் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக் காய்ச்சல் பரவும். இது மனிதருக்கும் வரும்.

தோட்டத்தில் மருந்து தெளித்த நாளில் நாய் எச்சில் ஒழுக்கி, உடல் துடித்து, கண்மணி சுருங்கியிருந்தால் பூச்சிக்கொல்லி நஞ்சு எனக் கொள்ளலாம். சிலவகை எலி மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்பவை. தின்று சில நாள் கழித்தே சோர்வும் இரத்தக் கசிவும் தெரியும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் பொட்டலத்துடன் மருத்துவரிடம் விரையுங்கள்.

தலை சாய்தலும் மறதியும்

முதிய நாய் திடீரெனத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வட்டமிட்டு, விழுந்து, கண்கள் துடிக்கக் கிடந்தால் பக்கவாதம் என்று நம்பிக்கை இழக்கிறார்கள். உள்காதின் சமநிலை கெடுவதால் முதிய நாய்களுக்கு வரும் ஒரு கோளாறாகவும் இது இருக்கலாம். அப்படியானால் சில நாட்களில் தெளிந்து, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். அவசரப்பட்டு ஊசி போட்டுக் கொல்லச் சொல்ல வேண்டாம். வலிப்பு வந்து 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ அவசர சிகிச்சை தேவை.

மனிதருக்கு வரும் முதுமை மறதி போன்ற நோய் நாய்க்கும் உண்டு. மூலையைப் பார்த்து நின்றுவிடுதல், பகலில் தூங்கி இரவில் உலாவி ஊளையிடுதல், வீட்டாரை அடையாளம் தெரியாதது போல் இருத்தல் இதன் குறிகள். அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திலும் இக்குறிகளில் ஒரு வகையேனும் காணப்பட்டது. இந்நோய் படிப்படியாக வளர்வது. ஆகவே, மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்த முடிவுக்கு வரலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மாற்றம் தொடங்கிய நாள், தீனி, தண்ணீர், சாணம், சிறுநீர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நடையையும் வலிப்பையும் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. நோய் தெரியும் வரை குழந்தைகளை அருகில் விடாதீர்கள். மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது மெல்லிய துணிப்பட்டையால் வாய்க்கட்டுப் போடலாம். வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் போடக் கூடாது.

3. வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

4. உணவைச் சிறு பங்காக இரண்டு மூன்று வேளை கொடுங்கள். திடீரென உணவை மாற்றாதீர்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம்.

5. வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் தவணையில் தவறாமல் போடுங்கள். ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனை நல்லது.

சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. வளர்த்த பிராணியைப் பசியால் வாடும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையில் கைவிடப்படும் நாய்கள், அங்கு வரும் பறவைகளுக்கும் தொல்லை. நோயுற்ற முதிய நாயோ அங்கு பட்டினியால் சாகும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே தேவைப்படின் 1903-ல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். நாய் கடித்த 10 நாட்களுக்குள் கொண்டு செல்வதானால், கடித்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.