நாற்பதுக்கு மேல் ஓடப் பழகுதல்

வியாபாரிகளுக்கு ஒரு தேகப்பயிற்சிப் பாடம்

வியாபாரம் செய்கிற நம்மவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையேனும் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கிறோம். எது விற்றது, எது முடங்கிக் கிடக்கிறது, எங்கே நஷ்டம் கசிகிறது என்று பார்க்கிறோம். ஆனால் தினந்தோறும் அந்தக் கடையைத் திறந்து மூடுகிற தேகத்தின் இருப்பு என்ன என்று நம்மில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டும் அன்றுதான் அந்தக் கணக்கு நமக்குத் தெரியவருகிறது.

நம்முடைய சிறு கடைகள் பெரும்பாலும் ஒரு மனிதரை நம்பி நடப்பவை. அவர் மூன்று மாதம் படுக்கையில் விழுந்தால் வாடகை நிற்பதில்லை. வேலையாள் சம்பளமும் நிற்பதில்லை. ஊருக்குப் போகும் பணம் மட்டும் நின்றுவிடுகிறது. 2023-ஆம் ஆண்டில் மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்று ஆகிறது. சிங்கப்பூர் அரசாங்கமோ 2016-ஆம் ஆண்டிலேயே நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. ஆதலால் விளையாட்டுப் பழக்கமே இல்லாத, நாற்பதைத் தாண்டிய ஒரு வியாபாரி எவ்வாறு அபாயமின்றி ஓடப் பழகலாம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

“நாள் முழுதும் நிற்கிறோமே, போதாதா?”

இதுவே நாம் முதலில் கேட்கிற சமாதானம். காலை முதல் இரவு வரை கடையில் நின்றால் கால் வலிக்கிறது, உடல் அலுக்கிறது. ஆகவே பயிற்சியும் ஆகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அலுப்பு வேறு, பயிற்சி வேறு. இருதயமும் நுரையீரலும் வழக்கத்துக்கு மேல் வேலை செய்யும்போதுதான் அவை பலம் பெறுகின்றன. கல்லாவின் முன் நிற்பவரின் இருதயம் உட்கார்ந்திருப்பவரின் இருதயத்தைவிடச் சற்றே அதிகமாகத்தான் வேலை செய்கிறது.

இலண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் போக்குவரத்து ஊழியர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்து, 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டு மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக நாள் முழுதும் படி ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே கண்டது. கண்டவர்களிலும் திடீரென்று மாண்டவர்கள் குறைவு. பிறகு 1956-ஆம் ஆண்டில் அதே டாக்டர், ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள், உடலை அசைத்து உழைப்பவருக்கு இருதய நோய் குறைகிறது என்பதையே உறுதி செய்துள்ளன.

நீரிழிவுக்காரருக்கு இதில் மேலும் ஒரு நன்மை உண்டு. தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துச் செலவழித்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது.

“இந்த வயதில் ஓடினால் பிறர் சிரிக்க மாட்டார்களா?”

ஓடுவது சிறுபிள்ளைகளின் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணத்தின்போது ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூது ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. முதல் முறை அம்மையார் முந்தினார்கள். பிறகு அவர்களுக்கு உடல் பருத்திருந்த சமயத்தில் நாயகம் அவர்கள் முந்தினார்கள். ஆகவே ஓடுவதில் கண்ணியக் குறைவு என்ன இருக்கிறது? நம் வீட்டுப் பெண்களும் இப்பாடத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர்.

இன்னொரு வரலாறும் உண்டு. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து நகரத்தில் நடுவயதினரையும் மாரடைப்பு கண்டு மீண்டவர்களையும் சேர்த்து மெல்லோட்டம் பழக்கினார். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே சென்றார். உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரர்களை உருவாக்கியவர் அவர், வயது ஐம்பத்தொன்று. அந்தக் கூட்டத்துடன் ஓடிப் பார்த்தபோது, எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டிருந்த ஒரு கிழவருக்கு ஈடுகொடுக்க அவரால் முடியவில்லை. பிறருக்கு ஓடக் கற்பித்தவர் தாம் ஓடாமல் இருந்துவிட்டார் என்பதே காரணம். அவர் ஊர் திரும்பித் தாமும் பழகினார். தம் ஊராருக்கும் பழக்கினார். 1967-ஆம் ஆண்டில் ஓர் இருதய டாக்டருடன் சேர்ந்து மெல்லோட்டத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

முதல் விதி: மெதுவாக ஓடுக

புதிதாக ஓட வருகிறவர்கள் கைவிட்டுப் போவதற்குப் பெருங்காரணம் வேகம். பள்ளிக்கூட நாளில் ஓடிய ஞாபகத்தில் முதல் நாளே பாய்ந்து ஓடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது, விலாவில் பிடித்துக்கொள்கிறது, ‘நமக்கு இது ஆகாது’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சரியான வேகத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பக்கத்தில் வருகிறவரிடம் அன்றைய அரிசி விலையையும் வெங்காய விலையையும் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். தனியாக ஓடுகிறவர் பதினாறாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அறிக. வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை. அடியை எட்டி வைக்காமல், சின்னச் சின்னதாக, சத்தமில்லாமல் வைக்க வேண்டும்.

மெதுவாகப் போக இன்னொரு காரணமும் உண்டு. உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே காலத்தில் தேறுவதில்லை. சில வாரங்களிலேயே இருதயமும் மூச்சும் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் உறுதிப்பட மாதக்கணக்காகின்றன. ஆகவே நான்காம் ஐந்தாம் வாரத்தில் ‘இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே’ என்று ஆசை எழும். அப்போது பேராசைப்பட்டவருக்குத்தான் முழங்காலும் கீழ்க்கால் முன்னெலும்பும் வலி கொடுக்கின்றன. கையில் முதல் சேருமுன் கடனுக்குப் பெருஞ்சரக்கு எடுத்தவரின் கதிதான் அது.

பதினான்கு வாரக் கால அட்டவணை

ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடியே அறியாதவர்களுக்காக 1996-ஆம் ஆண்டில் ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். சிறிது ஓட்டம், சிறிது நடை என்று மாறி மாறிச் செய்து, ஓட்டத்தைப் படிப்படியாக நீட்டுவதே அதன் முறை. அந்த முறையைத் தழுவி, வயதும் எடையும் கூடிய நம்மவருக்கு ஏற்றவாறு இன்னும் மெதுவாக இந்த அட்டவணையை அமைத்திருக்கிறோம். வாரத்துக்கு மூன்று நாள்; இரண்டு ஓட்ட நாட்களுக்கு நடுவே ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

வாரம் 1, 2: 30 நிமிடம் விரைந்த நடை மட்டும்.
வாரம் 3, 4: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை; 8 முறை.
வாரம் 5, 6: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 7, 8: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
வாரம் 9, 10: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 11, 12: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
வாரம் 13: 20 நிமிடம் நிற்காத ஓட்டம்.
வாரம் 14: 25 நிமிடம் நிற்காத ஓட்டம்.

ஒரு வாரம் கடினமாகத் தோன்றினால் அதையே மறுபடி செய்க. சரக்கு வந்து ஒரு வாரம் தவறிப்போனால் ஒரு படி கீழிறங்கித் தொடர்க. விட்ட நாளை ஈடுகட்ட ஒரே நாளில் இரு முறை ஓட வேண்டாம்.

இதன் பலனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பதினான்காம் வாரத்தில் 25 நிமிடம் வீதம் மூன்று நாள். ஆக 75 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், வயது வந்தவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஓட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே வாரத்துக்கு இந்த 75 நிமிடத்தில் நமது குறைந்தபட்சப் பாக்கி தீர்ந்துவிடுகிறது. ஓடவே இயலாதவர் விரைந்த நடையை 150 நிமிடம் செய்தாலும் அதே கணக்குத்தான்.

நேரமும் இடமும்

‘நேரம் எங்கே?’ என்பார்கள். சுபுஹு தொழுகைக்குப் பின் வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள நேரமே நம் நாட்டில் ஓடுவதற்கு உத்தமமானது. கடையை நள்ளிரவில் மூடுகிற உணவுக்கடைக்காரர்கள் அசருக்கும் மஃரிபுக்கும் இடையே முயலலாம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகமாகையால் வியர்வை சீக்கிரம் உலர்வதில்லை. உடம்புச் சூடும் தணிவதில்லை. புழுக்கமான நாளில் வேகத்தை இன்னும் குறைப்பதே அறிவுடைமை.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரில் தித்திவாங்சா ஏரிப் பூங்காவும், பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரத் தோட்டமும் நடைக்கும் ஓட்டத்துக்கும் பேர்பெற்றவை.

செலவு செய்ய வேண்டியது ஒன்றில்தான். நல்ல ஓட்டச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்குக. சிலிப்பரோடு ஓட வேண்டாம். சப்பாத்தை மாலையில் சென்று அளவு பார்த்து வாங்குவது நல்லது. நின்று நின்று கால் வீங்கியிருக்கும் நேரம் அது. முன்விரலுக்கு அப்பால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உடுப்பு தளர்ந்ததாகவும் முழங்காலை மறைப்பதாகவும் இருந்தால் போதும்.

எச்சரிக்கைகள்

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள், அல்லது நடந்தாலே நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ காண்பவர்கள், டாக்டரைக் கலந்த பின்பே தொடங்க வேண்டும். இன்சுலினும் சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளும் எடுப்பவருக்கு ஓடும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவர்கள் சட்டைப்பையில் மிட்டாயோ பேரீச்சம்பழமோ வைத்திருப்பது அவசியம்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே நின்று உட்கார்ந்துவிட வேண்டும். ‘வாயு’ என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாகாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசி செய்க. இதில் வெட்கத்துக்கும் செலவுக் கணக்குக்கும் இடமேயில்லை.

நோன்பு மாதத்தில் ஓட்டத்தை நீட்ட முயல வேண்டாம். கிடைத்ததை இழக்காமல் காத்துக்கொண்டால் போதும். நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான நடையோ, தராவீஹுக்குப் பின் சிறிய ஓட்டமோ தக்கது. பகலில் தண்ணீரின்றி வெயிலில் ஓடுவது ஆபத்து.

ஒரு விஷயத்தில் ஏமாறலாகாது. 25 நிமிடம் ஓடிவிட்டு, பாலும் சீனியும் மிகுந்த தே இரண்டு குவளையும் பரோட்டாவும் சாப்பிட்டால் செலவழித்ததற்கு மேல் வரவு வந்துவிடும். எடை குறைவது வாயைப் பொறுத்தது. ஆனால் எடை குறையாவிட்டாலும் இருதயமும் சர்க்கரையும் சீராகின்றன என்பதை மறந்து மனம் தளர வேண்டாம்.

கூட்டாகச் செய்வோம்

தனியாளின் உறுதி மழை பெய்யும் ஒரு காலையில் கரைந்துவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நாளும் இடமும் குறித்துக்கொண்டால், ஒருவர் காத்திருப்பாரே என்ற எண்ணம் மற்றவரை எழுப்பிவிடும். 2004-ஆம் ஆண்டில் இலண்டனில் பதின்மூன்று பேருடன் தொடங்கிய ‘பார்க்ரன்’ என்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டோட்டம் 2014-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கும் வந்தது. சனிக்கிழமை காலையில் நடக்கும் அதற்குக் கட்டணமில்லை, நடப்பவரும் கலந்துகொள்ளலாம். எல்லோருக்கும் கடைசியாக நடந்து வரத் தொண்டர் ஒருவர் இருப்பதால் ‘நான்தான் கடைசி’ என்ற கூச்சத்துக்கும் இடமில்லை.

அங்கத்தினர்கள் தத்தம் வட்டாரத்தில் மூவர் மூவராகச் சேர்ந்து, அடுத்த வாரமே முதல் இரண்டு வார நடையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அட்டவணையைக் கத்தரித்துக் கல்லாப்பெட்டியின் மூடியில் ஒட்டி, ஓடிய நாளை அதில் குறித்து வருக. மூன்றே கால் மாதத்துக்குப் பின் கடையின் மாடிப்படியில் அரிசி மூட்டையோடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தால், இன்ஷா அல்லாஹ், இலாபம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.